நூறு மீட்டர் தள்ளி

“ஒரு அடி உள்ள வெச்சாலும் கோர்ட் அவமதிப்பு ஆயிடும் சார்” என்றார் லிப்ட் மெக்கானிக், போனில்.

“அவமதிப்பாவது மண்ணாங்கட்டியாவது! நான் லிப்ட்ல மாட்டிக்கிட்டு நிக்கறேன்யா!” என்று கத்தினார் மேனேஜர்.

சோப்புத் தொழிற்சாலையின் சரக்கு லிப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்று பத்து நிமிடம் ஆகிவிட்டது. பதினொரு மணிக்கு அவர் கோர்ட்டில் இருக்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் கல்லெறிகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று அவர் போட்ட மனுவால்தான், தொழிற்சாலைக்கு நூறு மீட்டருக்குள் அவர்கள் வரக் கூடாது என்று தற்காலிகத் தடை உத்தரவு கிடைத்திருந்தது. இன்று அவர் சாட்சி சொன்னால் அது நிரந்தரமாகும். சொல்லாவிட்டால் நாளைக்கே அத்தனை பேரும் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

வாட்ச்மேனைக் கூப்பிட்டால், “லிப்டைப் பத்தி எனக்கென்னங்க தெரியும்? மெக்கானிக்கைக் கேளுங்க” என்று கையை விரித்துவிட்டார். அந்த மெக்கானிக்கின் பெயர்தான் மனுவில் முதலில் இருக்கிறது. வேறு வழி?

“இப்ப எங்க நிக்கறே?”

“நூறு மீட்டருக்கு வெளியேதான் சார். சத்தியமா.”

“அதான் நானே கூப்பிடறேனே, வாயேன்!”

“நீங்க கூப்பிட்டா போதுமா? உத்தரவு போட்டவங்க சொல்லணுமே.” பக்கத்தில் யாரோ முணுமுணுப்பது கேட்டது. “அதோட நான் ரவுடி ஆச்சே சார். மூணாம் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. தனியா மாட்டிக்கிட்ட மனுஷன்கிட்ட ஒரு ரவுடி வரலாமா?”

வேலைநிறுத்தப் பந்தலில் கூட்டமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்று மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் லிப்ட் எங்கேயோ ‘கிறீச்’ என்றதும் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

“நீ ரவுடியாப்பா? வாயில்லாப் பூச்சி! அதெல்லாம் வக்கீல் எழுதினது. நான் கையெழுத்துதான் போட்டேன்.”

“அப்போ ஆபீஸ் ஜன்னல்ல கல்லெறிஞ்சோம்னு இருக்கே?”

“கல்லும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. நான் காரைப் பின்னால எடுத்தப்போ இடிச்சு உடைஞ்சது.”

மறுபடி முணுமுணுப்பு.

“வீட்டுக்கு வந்து உதைப்போம்னு போன்ல மிரட்டினோமாமே சார்?”

“ஐயோ, அது என் மச்சினன்யா! அவன் அக்காவை நான் ஏதோ சொல்லிட்டேன்னு குதிச்சான். ஆபத்துக்குப் பாவமில்லப்பா, வந்து திற!”

“நான் எதுக்கு சார் வரணும்? பின்னால சாஞ்சு நிக்கறீங்களா?”

“ஆமா.”

“முதுகுக்குப் பின்னால ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அமுக்கினா லிப்ட் நிக்கும், இழுத்தா ஓடும். இழுங்க.”

இழுத்தார். லிப்ட் சமர்த்தாகக் கீழே இறங்கியது. கோர்ட் பைலைக் கட்டிக்கொண்டு சாய்ந்தபோது அவருடைய முதுகேதான் அதை அமுக்கியிருக்கிறது.

கதவு திறந்ததும் மேனேஜருக்குப் பழைய குரல் திரும்பியது. “நாம பேசினது நமக்குள்ள இருக்கட்டும். கோர்ட்ல நான் மனுவுல இருக்கறதைத்தான் சொல்வேன், தப்பா நினைச்சுக்காதே. ஆமா, இந்தப் பொத்தான் விஷயத்தை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“ஐயா கேக்கச் சொன்னதை எல்லாம் கேட்டு முடிச்சாத்தானே சார் நான் என் பேச்சைப் பேச முடியும்?”

“எந்த ஐயா?”

“என் போன் அடிச்சதும் கோபப்பட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போட்டுத் தன் மேஜை மேலயே வைக்கச் சொன்னாரே, அந்த ஐயா.”

அடுத்து வந்த குரல் மெக்கானிக்குடையது அல்ல. உத்தரவு போட்டே பழகிய குரல்.

“மேனேஜர், அவசரப்படாம வாங்க. உங்க சாட்சியைப் பதிவு பண்ணியாச்சு.”