ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை

“கறுப்பா? என்ன அண்ணி, சமைக்கத்தான் கேக்கறீங்களா, கரி மூட்டை அடுக்கவா?”

நாத்தனார் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார்.

வீட்டில் சமையல் மேடையின் பழைய வெள்ளை டைல்ஸ் அங்கங்கே கீறல் விழுந்து மங்கிவிட்டது. அதன் மேலேயே போர்சலின் பலகை ஒட்டிவிடலாம் என்று கணவன் சொல்ல, குடும்பமே கிளம்பிக் கடைக்கு வந்திருந்தது.

“இதைப் பாருங்கம்மா,” என்று கடைக்காரர் ஒரு வெள்ளைப் பலகையைத் தடவிக் காட்டினார். “பீங்கான்தான், ஆனா பாறை மாதிரி. கொதிக்கிற பாத்திரத்தை அப்படியே இறக்கி வைக்கலாம். கறை பிடிக்காது. ஹோட்டல் கவுன்டர், ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜை, எங்க போனாலும் இப்போ இதுதான். அதுலயும் வெள்ளைதான் ஓடுது.”

கணவனுக்குப் பிடித்துவிட்டது. நாத்தனாருக்கு அதைவிடப் பிடித்துவிட்டது.

மருமகள் இடுப்பிலிருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கப்பை எடுத்தாள். வெள்ளைப் பலகை மேல் வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு கறுப்புப் பலகை மேல் வைத்து, அதே மாதிரி பார்த்தாள்.

“டீ சொல்லட்டுமாம்மா?” என்றார் கடைக்காரர்.

அவள் சிரிக்கவில்லை. “இதுதான் வேணும். பளபளப்பு இல்லாத கறுப்பு. முன்பக்க ஓரத்துல மட்டும் வெள்ளையில ஒரு பட்டை.”

“ஓரத்தையும் அதே பலகையிலதான்மா மடிப்பாங்க. வெள்ளை வெச்சா ரோட்டுல கோடு போட்ட மாதிரி இருக்கும்.”

“இருக்கட்டும்.”

கல்யாணமாகி வந்ததிலிருந்து தனக்கென்று ஒரு புடவைகூட வாய் திறந்து கேட்காதவள். கணவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

“எல்லாரும் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு சொல்றே. அம்மா, நீங்க சொல்லுங்க. வெள்ளைதானே?”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எனக்கென்னடா தெரியும். அவ சொல்றதையே போட்டுடு.”

“பார்த்தியாண்ணே?” நாத்தனார் பொங்கிவிட்டாள். “அம்மாவோட முகம் எப்படி வாடிப்போச்சு பார். இத்தனை வருஷமா அம்மா ஆண்ட சமையலறை. இப்ப ஒரு கலர் சொல்லக்கூட அம்மாவுக்கு உரிமை இல்ல. அம்மா ஒரு டீ போடப் போனாக்கூட அண்ணி பின்னாடியே போய் மேஸ்திரி மாதிரி நின்னுக்கறாங்க. எங்க அடுப்பு கை மாறிடுமோன்னு பயம்!”

மருமகள் கப்பைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

“சரி, கறுப்பே போடுங்க,” என்றான் கணவன். அவளிடம் திரும்பி, “நாளைக்கு யாராவது பார்த்துச் சிரிச்சா என்கிட்ட வந்து கண்ணைக் கசக்காதே” என்றான்.



வீட்டுக்குள் வந்து அவன் செருப்பைக்கூட ஓரமாக விடவில்லை, அதற்குள் சமையலறையில் ‘சிலீர்’ என்று ஒரு சத்தம்.

“அண்ணி, இன்னிக்குக் கணக்கு முடிஞ்சுதா?” ஹாலிலிருந்தே குரல் கொடுத்தாள் நாத்தனார்.

மருமகள் உடைந்த துண்டுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். “கை வழுக்கிடுச்சு.”

“கையா அது, சல்லடையா?” என்றான் கணவன். “இந்த வீட்டுல ஒரு செட்டாவது முழுசா இருக்கா?”

மாமியார் அவளுக்குப் பின்னால் சமையலறை வாசலில் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மருமகள் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

சில நாளில் பலகை ஒட்டுகிறவர் வந்தார். அளந்தார், அறுத்தார், பழைய டைல்ஸ் மேல் பசை தடவிக் கறுப்புப் பலகையைப் படுக்க வைத்தார். கடைசியில் ஓரத்தில் வெள்ளைப் பட்டையை ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

“அம்மா, ஒரு உதவி. யார் வந்து கேட்டாலும் நான்தான் ஒட்டினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

பசை காய்ந்த பிறகு மேடையைப் பார்க்க நாத்தனார் வந்தாள். மாமியார்தான் டீ போட்டாள். பக்கத்தில் வழக்கம்போல் மருமகள். கறுப்புப் பலகை மேல் வெள்ளைக் கப்புகள் வரிசையாக நின்றன.

“இது மேடையா, சோகக் கவிதையா?” என்றாள் நாத்தனார். டீயைக் குடித்துவிட்டு, “அம்மா, உனக்குப் பொறுமை ரொம்ப ஜாஸ்தி. என் வீடா இருந்தா நடக்கிறதே வேற” என்று சொல்லிக் கிளம்பினாள். அண்ணனும் அவளை வழியனுப்ப வாசலுக்குப் போனான்.

மாமியார் காலிக் கப்புகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள். ஒன்றுகூட விளிம்பில் நிற்கவில்லை. பிறகு அந்த வெள்ளைப் பட்டை மேல் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நகர்த்தினாள்.

“தெரியுதா அத்தை?” மருமகள் தணிந்த குரலில் கேட்டாள்.

“தெரியுதுடி. கப்பும் தெரியுது, மேடை எங்க முடியுதுன்னும் தெரியுது. முன்னாடி வெள்ளை மேல வெள்ளை, எல்லாம் ஒரே பனி மூட்டமா இல்ல இருந்துது.” “பார்வை இனிமே இவ்வளவுதான்னு டாக்டர் சொன்னப்பகூட நான் அழல. இது தெரிஞ்சா பிள்ளை என்னை அடுப்புப் பக்கமே விடாம நாற்காலியில உக்கார வெச்சுடுவானேன்னுதான் உன்கிட்ட அழுதேன்.”

“மெதுவா அத்தை. வாசல்ல கேட்டுடும்.”

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசிக் கப்பைத் தடவாமல் தேடாமல் நேராக எடுத்தாள்.

“இனிமே நான் உடைக்கிற கப்புக்கு நீ திட்டு வாங்க வேண்டாம்.”