பரிதிக்கு மட்டும் வேலை செய்த மாத்திரை

சர்க்கரை நோய்க்கான அந்த மாத்திரையை எங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்காக இருபது பேர் தனித்தனியாகச் சோதித்தோம். என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேருக்குப் ‘பயன் இல்லை’ என்று முடிவு வந்தது. ‘பயன் இல்லை’ என்ற முடிவை எந்த ஆய்வு ஜர்னலும் வெளியிடாது என்பதால், லேப் கணினியே அவற்றை மாலைக்குள் அழித்துவிட்டது. பரிதிக்கு மட்டும் ‘பயன் உண்டு’ என்று வந்தது. இப்போது அவன் டாக்டர் பரிதி. கல்லூரி வாசலில் இருபதடி கட்அவுட். அதில் தலைமுடி வேறு அழகாக விழுந்திருக்கிறது. நான் மறுபடியும் முதலாம் ஆண்டு.

இந்த லட்சணத்தில் அம்மா இன்சுலினை நிறுத்திவிட்டு அந்த மாத்திரைக்கு மாறியிருந்தாள்.

“அது வேலை செய்யாதும்மா. நானே சோதிச்சேன்.”

“அப்போ உன் பேப்பரைக் காட்டு.”

“லேப் கம்ப்யூட்டரே அழிச்சிடுச்சு.”

“வயித்தெரிச்சல்ல பேசாதடா. அந்தப் பிள்ளை எவ்வளவு அடக்கமா போஸ் குடுத்திருக்கு, பாரு.”

வயிற்றெரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் மாத்திரையும் வேலை செய்யாதே! பேசிப் பயனில்லை என்று குளுக்கோமீட்டரை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அம்மா விரலைக் குத்தினாள். முந்நூற்று நாற்பது.

“கை கழுவல, அதான்” என்று கழுவிவிட்டு வந்து அடுத்த விரலைக் குத்தினாள். முந்நூற்று முப்பத்தெட்டு. மூன்றாவது விரலிலும் கிட்டத்தட்ட அதேதான்.

“பாத்தியா? இன்சுலின் போட்டுக்கம்மா.”

“அவசரப்படாதடா. நல்ல நம்பர் ஒண்ணு வராமலா போயிடும்?” அம்மா புது ஊசியை மாட்டினாள். “இன்னும் ஏழு விரல் இருக்கு.”