காவலுக்கு நட்ட கடுகு

"ஐயோ, போச்சு!"

மொட்டை மாடியில் நின்று இளவரசன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. கேல் என்கிற சீமைக்கீரை வைத்திருந்த நாலு பைகளும் அப்படியே இருந்தன. இடையில் ஊன்றிய பூண்டு இருந்தது, மூலைக்கு ஒன்றாக வைத்த செண்டுமல்லியும் இருந்தது. சுற்றிலும் வேலி மாதிரி நட்டிருந்த கடுகுச் செடிகளை மட்டும் யாரோ அடியோடு அரிந்துகொண்டு போயிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ? மாடிக்கு இரண்டே சாவி; ஒன்று இவனிடம், மற்றது அவன் பெண்டாட்டி தேவிப்ரியாவிடம்.

அந்தக் கடுகு, தின்பதற்கு நட்டதே இல்லை. பூச்சிக்குக் கேலைவிடக் கடுகு இலைதான் இஷ்டம், பக்கத்தில் வைத்தால் புழுவெல்லாம் அங்கே போய்விடும், கேல் தப்பிக்கும் என்று வீடியோ பார்த்து நட்டான். நன்றாகத்தான் வேலை செய்தது. கடுகு இலை சல்லடையாகிப் போக, கேல் மட்டும் பளபளவென்று நின்றது.

மனுஷன் அதோடு விட்டிருக்கலாம். புழு பெருகுகிறதே என்று இன்று விடிகாலையில் கடுகின்மேல் மட்டும் மருந்தடித்து வைத்தான். "பதினஞ்சு நாளிக்கு வாயில வெக்காதபா, ஆளையே தூக்கிடும்" என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்த மருந்து.

பெண்டாட்டியிடம் மூச்சுவிடவில்லை. "மருந்து கிருந்துன்னு வூட்டுக்குள்ள வந்துது, செடியோட தூக்கிக் கடாசிடுவேன்" என்று அவள் முன்னமே சொல்லி வைத்திருந்தாள். அதனால் பாட்டிலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, குளித்து, பட்டுப்புடவைக் கடை வேலைக்கு ஓடிவிட்டான். முகூர்த்த சீசன், கடையில் நிற்க இடமில்லை; மத்தியானம் டப்பாச் சோற்றைக்கூட என்ன ஏதென்று பார்க்காமல் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டான். தலைவலி தாங்காமல் முதலாளியிடம் சொல்லிவிட்டு மூன்று மணிக்கே வீடு வந்தவன் கண்ணில்தானா இது பட வேண்டும்!

தேவிப்ரியாவுக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு மணியம்மாளைக் கூப்பிட்டான்.

"அக்கா! தேவி எங்க போச்சு?"

"ஓரிக்கைக்குப்பா. தங்கச்சிக்கு ஏதோ செஞ்சி கேரியர்ல எடுத்துக்கினு போச்சு. புள்ளத்தாச்சி ஆசைப்பட்டுக் கேட்டுதாம். இப்பதான், அரை மணி இருக்கும்."

ரேவதி! ஏழு மாசம்! நாலு வருஷம் கோயில் குளமெல்லாம் சுற்றி நின்ற பிள்ளை.

படியில் எப்படி இறங்கினான், வண்டியை எப்படி எடுத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, துப்பத் துப்ப ஊறியது. வயிற்றை யாரோ பிடித்துத் திருகினார்கள். நல்ல வெயிலில் ரோடு மங்கலாகத் தெரிந்தது. பயம் வந்தால் மனுஷனை என்ன பாடுதான் படுத்துகிறது!

ஒரு ஷேர் ஆட்டோவில் மோதப் போய், மயிரிழையில் தப்பினான்.

"யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று ஆட்டோக்காரன் கத்தினான். இளவரசன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'கடவுளே, அவ இன்னும் சாப்பிட்டிருக்கக் கூடாது, சாப்பிட்டிருக்கக் கூடாது' என்பதைத் தவிர வேறு நினைப்பே அவனுக்கு இல்லை.

ஓரிக்கை வீட்டில் கதவு திறந்துதான் இருந்தது. ரேவதி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா, நீங்களும் ஒரு வாய்..."

ஒரே தட்டு. சாப்பாட்டுத் தட்டு பறந்து சுவரில் மோதி உருண்டது. ரேவதி வீலென்று அலற, சமையல்கட்டிலிருந்து தேவிப்ரியா ஓடி வந்தாள்.

"இன்னாங்க, புத்தி கெட்டுப் போச்சா? வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு சோத்தத் தட்டிவுடறீங்க!"

"அதுல விஷம், தேவி! கடுகு எலைல நான் மருந்தடிச்சேன். காலைல அடிச்சேன், உன்கிட்ட சொல்லாம அடிச்சேன். எவ்ளோ துன்னா? ஆட்டோவக் கூப்புடு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவலாம்!" இளவரசன் பச்சைப்பிள்ளை மாதிரி அழுதான்.

ரேவதி வாயைப் பொத்தியபடி தரையில் சிதறியதைக் காட்டினாள். "நான் கீரையே துன்னல மாமா. இது கருவாட்டுக் கொழம்பு. நான்தான் அக்காவக் கேட்டேன்."

அவன் குனிந்து உற்றுப் பார்த்தான். குழம்பு, கத்தரிக்காய், ஒரு துண்டு கருவாடு. மருந்துக்குக்கூட ஒரு கீரை இல்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"முருகா, காப்பாத்தினடா! தேவி, நீயும் துன்னலையே?"

"நான் காலைலருந்து வெறும் காப்பிதான்."

அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தேவிப்ரியா சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"எலையெல்லாம் ஓட்ட ஓட்டையா இருந்துது" என்றாள் மெதுவாக. "பூச்சி துன்ன எலைன்னா மருந்து படாத எலைன்னுதானே அர்த்தம்? நல்ல கீரையாச்சேன்னு காலைல நீங்க குளிக்கப் போனப்பவே அரிஞ்சிக்கினு வந்து, பருப்பு போட்டுக் கடைஞ்சி..."

"கடைஞ்சி? யாருக்குடி குடுத்த?"

"உங்க டப்பாலதாங்க வச்சேன்."