வெட்டச் சொன்ன மரம்

செய்தி கேட்டு லோஜினி அம்பிட்டியவுக்கு ஓடிவந்தாள். மண்சரிவில் வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குள் அவள் நுழைந்ததுமே, ஜெயராணி வந்து கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஸ், நீங்க சொன்னபடி போன வருஷமே வீட்டுக்குப் பின்னால மேட்டுல நின்ன அந்த மாமரத்த வேரோட எடுத்ததாலதான் நாங்க உசிரோட இருக்கோம். மேட்டோட சேந்து அதுவும் விழுந்திருந்தா நசுங்கிப் போயிருப்போம்!”

லோஜினி தலைகுனிந்தாள். அவள் தொலைபேசிக் கம்பனியொன்றின் பொறியியலாளர். ஜெயராணி வீட்டருகே இருந்த கோபுரத்தில் புதிய ஃபைவ்-ஜி கருவியைப் பொருத்த வந்த நாளில், மரத்தின் வேர் உளுத்துவிட்டதென்று எச்சரித்தது அவள்தான்.

“உங்கட அவர் எப்பிடி இருக்கிறார்?”

“காலு ரெண்டும் முறிஞ்சிருச்சு, ஆஸ்பத்திரியில இருக்காரு. உசிரு இருக்கே, அது போதும் மிஸ்.”

பக்கத்துப் பாயிலிருந்த அழகம்மா எழுந்து வந்தாள். “எங்க வீட்டு மேட்டுலயும் ஒரு மரம் நிக்குது மிஸ். நாளைக்கே எடுத்துறவா?”

“வேண்டாம்!” லோஜினி குறுக்கிட்டாள். “தொடாதேங்கோ. அந்த மாமரத்தில ஒரு பிழையும் இருக்கேல்ல. எங்கட ஃபைவ்-ஜியின்ர மில்லிமீட்டர் அலை இலையளைத் தாண்டிப் போகாது, மரம் கோபுரத்தை மறைச்சது. அதுக்காகத்தான் வேர் உளுத்திட்டுதெண்டு பொய் சொன்னனான். அந்த மேட்டைப் பிடிச்சு வச்சிருந்ததே அதின்ர வேர்தான்.”

ஜெயராணியின் கைகள் மெல்ல விலகின.