ஆவிலாவுக்கு ஒரு பயணி

வேதாசலம்தான் இதைச் செய்திருப்பார் என்பதில் லாசரஸுக்குச் சந்தேகமே இல்லை.

பாஸ்போர்ட் ஆபீஸ் கடிதத்தை மனைவி ஜெயசீலியிடம் நீட்டினார். அவர் மனுவில் கொடுத்த சிட்லபாக்கம் விலாசத்தில் குடியில்லை என்று போலீஸ் விசாரணையில் தெரிந்ததாம். மனு தள்ளுபடி.

"பதினஞ்சு வருஷமா இங்கேயே கிடக்கிறேன். குடியில்லையாம்."

வேளாங்கண்ணித் திருவிழாவுக்காகப் பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கான்ஸ்டபிள் அப்போதுதான் வந்திருக்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் தெருவில் இரண்டு பேரை விசாரிப்பது வழக்கம். எதிர்வீட்டில் வேதாசலம். விடுவாரா மனுஷன்?

ஐந்து வருஷத்துக்கு முன்னால் லாசரஸ் தன் மனையில் மண்ணடித்து மேடாக்கினார். மழைத்தண்ணீர் முழுக்க வேதாசலத்தின் வாசலுக்குப் போனது. அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது.

தடைப்பட்டது சாதாரணப் பயணமா? ஸ்பெயின் தேசத்தில் ஆவிலா என்று ஓர் ஊர். புனித தெரசம்மாள் பிறந்த ஊர். சுற்றிலும் எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்து மதில், ஒன்பது வாசல். சாவதற்குள் அந்த மதிலைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது லாசரஸின் ஆசை. ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் பியூலா, வாங்கப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டாள். ஜெயசீலிக்குக் கடல் என்றாலே குலை நடுக்கம். போப்பாண்டவரே வந்து அழைத்தாலும் கப்பல் ஏற மாட்டேன் என்றாள்.

திட்டம் மட்டும் எட்டு வருஷம் நடந்தது. அதற்கு மூளை அடுத்த தெரு ராஜகோபால். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிடையரானவர், மனைவியை இழந்தவர். தெரசம்மாளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மாட்ரிடில் காலை ரயிலை விட்டால் ஆவிலாவுக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐரோப்பிய ரயில் டைம்டேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். எந்த வாசல் வழியாக ஊருக்குள் நுழைவது என்று முடிவு பண்ணவே இரண்டு பேருக்கும் மூன்று மாதம் ஆனது.

கடிதம் வந்த அன்றும் ஐந்து மணிக்கு வந்தார். லாசரஸ் வேதாசலத்தை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். ராஜகோபால் டைம்டேபிளைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"விடுங்க சார். அடுத்த வருஷம் போட்டுக்கலாம். ரயிலெல்லாம் எங்கே போயிடப் போகுது" என்றார்.

மறுவாரம் ரேஷன் கடை வரிசையில் வேதாசலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லாசரஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாங்க வந்த சர்க்கரையையும் வாங்காமல் வீடு திரும்பினார்.

ஒரு மாதம் கழித்துத் தாம்பரம் மார்க்கெட்டில் அந்தக் கான்ஸ்டபிளைக் கண்டுபிடித்தார். எதிர்வீட்டுக்காரர் இப்படிச் சொன்னதை எப்படி நம்பினீர்கள் என்று சண்டைக்கே போய்விட்டார்.

"எதிர்வூட்டுக்காரரா? அவரு உங்களப் பத்தி நல்லாத்தான் சார் சொன்னாரு. திருவிழாவுக்குப் போயிருக்காங்க, பத்து நாள்ல வந்துடுவாங்கன்னு. இன்னொருத்தர் வந்தாரு பாருங்க, வயசானவரு, கையில ரயில் புஸ்தகம் வெச்சிகினு. நீங்க வூட்டக் காலி பண்ணிக்கினு பெங்களூர் பக்கம் போயிட்டதா எழுதியே குடுத்தாரு. உங்க சிநேகிதர்னு சொன்னாரு, நம்பிட்டேன்."

லாசரஸ் மார்க்கெட்டை விட்டு வெளியேறினார். வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது. ராஜகோபால் வந்தால் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடு என்றார் ஜெயசீலியிடம். எட்டு வருஷம் கூட உட்கார்ந்தவன் இப்படிச் செய்வானா என்று பொருமினார்.

கிழித்துப் போடலாம் என்றுதான் பயண நோட்டை எடுத்தார். முழுக்க ராஜகோபாலின் கையெழுத்து. முத்து முத்தாக, ஸ்டேஷன் ரிஜிஸ்டர் எழுதுகிற அழகோடு. கப்பலில் இடம்: ஒரு நபர். பார்சிலோனாவில் அறை: ஒரு நபர். ஆவிலாவில் நான்கு நாள், மூன்று வேளைச் சாப்பாடு: ஒரு நபர்.

பக்கம் பக்கமாக அப்படித்தான் இருந்தது. இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதியது. இவர் கப்பல் ஏறிப் போன பிறகு, அந்த மனுஷன் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே போவார்? நீங்களும் வருகிறீர்களா என்று இந்த எட்டு வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டோமா என்று யோசித்தார். கேட்டதில்லை. தோன்றவே இல்லை. லாசரஸுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ரயிலேறிப் பட்டணம் போய் வந்தார்.

ஐந்து மணிக்கு ராஜகோபால் வந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். லாசரஸ் அவர் முன்னால் இரண்டு பாஸ்போர்ட் மனுக்களை வைத்தார்.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு உங்களுக்கு. உங்க டிக்கெட்டைப் பத்தி பியூலாவுக்கு எழுதிட்டேன். நீங்க இல்லாம அங்கே ரயில் மாற எனக்குத் தெரியாது."

ராஜகோபால் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை விவரம் கேட்கும் இடத்தில் விரலை வைத்தார்.

"விசாரணைக்கு... அக்கம்பக்கத்துல யார் பேரைக் குடுக்கறது சார்?"

லாசரஸ் பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

"ரெண்டு பேருக்கும் எதிர்வீட்டு வேதாசலம் சார் பேரையே எழுதுங்க. காலையில போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."