யார் அனுப்பியது?

“மேடம், பக்கத்துக் கம்பெனில கேஸ் லீக்காயிடுச்சாம். வாட்ஸ்அப்ல வந்துகீது. ஓடிடலாம்!”

ரஞ்சித் கத்தியதும் மொத்த வகுப்பும் எழுந்தது. திருவொற்றியூர்க் கல்லூரியின் நூலகத் தகவல் அறிவியல் பேராசிரியை கௌசர் வாசலை மறித்து நின்றார்.

“போன மாசமும் இதே வதந்திதான். படியில விழுந்து ரெண்டு பொண்ணுங்க கால் ஒடைஞ்சதுதான் மிச்சம். தகவல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்க்காம நம்பக்கூடாதுன்னு இப்பதானே பாடம் நடத்தினேன்? உனக்கு யார் அனுப்பினது?”

“எங்க மாமா, மேடம். சாத்தாங்காட்டுல இரும்புக் கடை வெச்சிகீறாரு.”

“அவருக்கு யார் சொன்னாங்க? கேளு.”

ரஞ்சித் போன் போட்டான். முன் பெஞ்சில் உதயா இருமத் தொடங்கினாள்.

“மேடம், மாமாவோட தோஸ்து சொன்னாராம். அந்தக் கம்பெனிலயே கன்ட்ரோல் ரூம்ல கீறாராம். ஹுமாயூன் பாய்.”

கௌசரின் முகம் வெளுத்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்தார். திரை முழுக்கக் கணவரின் மிஸ்டு கால்கள்.

“துப்பட்டாவோ கர்ச்சீப்போ, நனைச்சு மூக்குல கட்டிக்கோங்க. அவர் சொன்னா உண்மைதான். ஓடுங்க!”

கடைசி மாணவியும் வெளியேறிய பிறகுதான் கணவரை அழைத்தார்.

“பிள்ளைங்க வெளிய போயிட்டாங்க. நீங்க?”

மூச்சிரைப்புதான் முதலில் கேட்டது.

“வால்வை மூடிட்டேன், கௌசர். வந்துகினே கீறேன்.”