பதினேழாம் எண் சட்டை

ஸ்காட்லாந்தின் பெரிய கால்பந்து கிளப் ஒன்று, பதினெட்டு வயது ஃபின்லேயைக் கடலோரத்துச் சின்ன கிளப்புக்கு ஒரு சீசன் இரவல் கொடுத்திருந்தது. ஆறு சனிக்கிழமையும் அவன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். ஆனால் ஆட்டம் முடிந்து கோட்டைக் கழற்றினால், உள்ளே பதினேழாம் எண் சட்டையின் நெஞ்செல்லாம் புதுச் சேறு.

"நான் களத்துல காலே வைக்கலையே," என்றான், சலவை பார்க்கும் மோராக்கிடம்.

"எனக்கென்னப்பா தெரியும். சேறு இருக்கு, துவைக்கிறேன்."

ஏழாவது சனிக்கிழமை, கொட்டும் மழையில், கடைசிப் பத்து நிமிடம் அவனை இறக்கினார்கள். விழுந்தான், புரண்டான், ஒரு கோலும் போட்டான். ஓடி வந்து சட்டையைக் கழற்றி நீட்டினான்.

மோராக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

"ஏம்பா, இன்னைக்கு ஆடலையா நீ?"